புரத மருந்துக்கு ஒரு மேலுறை: ஆல்ஜினேட்–கைட்டோசான் நுண்ணுறை செய்ய முழுமையான வழிகாட்டி

திசையன்விளைப் பக்கத்தில் இருந்த என் ஆச்சி, இன்சுலின் குப்பியைப் பாலிதீன் பையில் சுற்றி ஈரமணல் போட்ட மண்பானைக்குள் வைத்திருப்பாள். கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத காலத்தில் அதுதான் அவளுடைய குளிர்பெட்டி. தினமும் காலையில் வயிற்றுச் சதையைப் பிடித்து ஊசி போட்டுக்கொள்ளும்போது ஒரே கேள்வியைக் கேட்பாள்: “ஏன் ஐயா, இத்தனை மாத்திரை முழுங்குகிறேன். இதையும் ஒரு மாத்திரையாகத் தரக்கூடாதா?”

1922 ஜனவரியில் டொராண்டோவில் லியனார்ட் தாம்சன் என்ற சிறுவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்ட நாளிலிருந்தே கேட்கப்படும் கேள்வி இது. அதற்கு ஆராய்ச்சிக்கூடங்கள் தேடிவரும் விடைகளில் ஒன்று, கடற்பாசியிலிருந்தும் இறால் ஓட்டிலிருந்தும் கிடைக்கும் பாலிமர்களால் (நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால்) புரதத்தைச் சுற்றி நுண்ணுறை செய்வது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் பல ஆண்டுகளாக மாணவர்களோடு இந்த மணிகளைச் சொட்டவிட்டுக்கொண்டிருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மருந்தியல், உயிர்வேதியியல் முதுகலை மாணவர்கள் தங்கள் ஆய்வுத் திட்டத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை. இங்கே செய்வது எதுவும் விழுங்குவதற்கு அல்ல. வீட்டில் இருக்கும் இன்சுலினை எடுத்து யாரும் உருண்டை பிடிக்க வேண்டாம். ஊசியை நிறுத்திவிட்டு இதை நம்பினால் உயிர் போகும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உருண்டை செய்வது ஒரு மணி நேர வேலை. உள்ளே போன புரதம் உள்ளேயே இருக்கிறதா, இருந்தாலும் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது மீதி ஆறு மாத வேலை. என்னிடம் வரும் ஆய்வேடுகளில் பாதி, முதல் வேலையை முப்பது பக்கமும் இரண்டாவதை மூன்று பக்கமும் எழுதியிருக்கும்.

முதலில் வழியைப் பாருங்கள்

இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள். மூலக்கூறு எடை சுமார் 5,800 டால்டன். புரதங்களில் இது சிறுசுதான். ஆனாலும் வாய்வழியாகப் போனால் அது மூன்று இடங்களில் அடிபடுகிறது. முதலாவது இரைப்பை. அங்கே பி.எச். (அமிலம் கூடக்கூடக் குறையும் எண்) 1 முதல் 3 வரை. அமிலம் புரதத்தின் மடிப்பைக் குலைக்க, பெப்சின் அதை வெட்டத் தொடங்குகிறது. அடுத்தது சிறுகுடல். பி.எச். 6-க்கு மேல் ஏறிவிடும், ஆனால் புரதத்தை வெட்டும் வேறு நொதிகளான ட்ரிப்சினும் கைமோட்ரிப்சினும் காத்திருக்கின்றன. மூன்றாவது, குடல் சுவர். சளிப்படலத்தைக் கடந்து செல்களுக்கு நடுவில் நுழைய வேண்டும். அந்த இடுக்குகளோ பெரிய மூலக்கூறுகளை விடாத அளவுக்கு இறுக்கமானவை. வெறும் இன்சுலினை விழுங்கினால் இரத்தத்துக்குப் போய்ச் சேருவது நூற்றில் ஒரு பங்குகூட இராது.

நுண்ணுறை முதல் தடையில் நன்றாக உதவும், இரண்டாவதில் ஓரளவு உதவும், மூன்றாவதில் கொஞ்சம்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் முடிவுரையில் பெரிய வார்த்தைகள் எழுத மாட்டீர்கள்.

எந்தப் பாலிமர்?

நம் ஊர்க் கடற்கரையிலிருந்தே தொடங்கலாம். இடிந்தகரையிலிருந்து மன்னார் வளைகுடாத் தீவுகள் வரை பாறைகளில் பழுப்புப் பாசி வளர்கிறது. மீனவர்கள் கட்டக்கோரை என்று சொல்லும் சர்காசம் அதில் முக்கியமானது. அதன் செல்சுவரில் இருப்பதுதான் ஆல்ஜினேட். 1881-இல் ஸ்டான்ஃபோர்ட் என்ற வேதியியலர் முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். மானுரானிக் அமிலம், குலுரானிக் அமிலம் என்ற இரண்டு சர்க்கரை அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி அது. குலுரானிக் அலகுகள் வரிசையாக வரும் இடங்களில் இரண்டு சங்கிலிகள் சேர்ந்தால் நடுவே குழி குழியாக இடம் உண்டாகும். அந்தக் குழிகளில் கால்சியம் அயனி, முட்டைத் தட்டில் முட்டை உட்காருவதுபோல் உட்கார்ந்து சங்கிலிகளைப் பூட்டிவிடும். அந்த நொடியே திரவம் கூழாக உறைந்துவிடும். சூடு வேண்டாம், கரிமக் கரைப்பான் வேண்டாம். புரதத்துக்கு இதைவிட மென்மையான முறை கிடைப்பது அரிது.

அல்வாவுக்குக் கோதுமைப் பால் கிளறுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கூழ் என்றால் அடுப்பு நினைவுக்கு வரும். அது வேறு வகை. வெப்பத்தால் மாவுச்சத்து விரிந்து உறைவது. நம் மணிக்கு நெருங்கிய சொந்தம், பூசணிக்காய் மிட்டாய்க்குத் துண்டுகளைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போடுவது. காயிலுள்ள பெக்டினைச் சுண்ணாம்பின் கால்சியம் பூட்டுவதால்தான் துண்டு பாகில் கொதித்தும் குழையாமல் நிற்கிறது.

ஆல்ஜினேட் வாங்கும்போது மானுரானிக்–குலுரானிக் விகிதத்தைச் சான்றிதழில் கேட்டு வாங்குங்கள். குலுரானிக் மிகுந்தால் மணி உறுதியாக இருக்கும், ஆனால் நொறுங்கும், துளைகளும் பெரிது. மானுரானிக் மிகுந்தால் மிருதுவாக, வளையும் தன்மையோடு வரும். விகிதம் தெரியாமல் வாங்கிய பொடியில் செய்த சோதனையை அடுத்த ஆண்டு இன்னொரு புட்டியில் திரும்பச் செய்ய முடியாது.

மேலுறைக்குக் கைட்டோசான். இறால், நண்டு ஓடுகளிலுள்ள கைட்டினிலிருந்து வருவது. தூத்துக்குடி இறால் பதப்படுத்தும் ஆலைகளில் ஓட்டுக்குப் பஞ்சமே இல்லை. ஓட்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டுச் சுண்ணாம்பை நீக்கி, நீர்த்த காரத்தில் புரதத்தை நீக்கி, பிறகு 40 முதல் 50% சோடியம் ஹைட்ராக்சைடில் 100 டிகிரிக்கு மேல் வேகவைத்தால் கைட்டோசான். மாணவர்கள் இதைத் தாங்களே செய்ய ஆசைப்படுவார்கள். நான் தடுத்துவிடுவேன். கொதிக்கும் கடுங்காரத்தின் ஆபத்து ஒருபுறம். ஒவ்வொரு தொகுதியும் ஒவ்வொரு மாதிரி வரும் தலைவலி மறுபுறம். அசெட்டைல் நீக்க அளவு (கைட்டின் எவ்வளவு தூரம் கைட்டோசானாக மாறியது என்பது) 80 விழுக்காட்டுக்கு மேல் என்று அச்சிட்ட புட்டியை வாங்குங்கள்.

கைட்டோசான் நேர்மின்னூட்டம் கொண்டது, ஆல்ஜினேட் எதிர்மின்னூட்டம். இரண்டும் தொட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு தோல் உண்டாகும். இந்த யோசனையின் மூத்த வடிவம் 1980-இல் லிம், சன் என்ற இருவர் செய்தது. கணையத் தீவுச் செல்களை ஆல்ஜினேட்டில் பொதிந்து, நேர்மின்னூட்டமுள்ள பாலிலைசின் என்ற பாலிமரால் தோல் போட்டு, நீரிழிவு எலிகளுக்குள் வைத்தார்கள். பாலிலைசின் இடத்தில் விலை மலிந்த கைட்டோசானை வைத்தால் நம் நுண்ணுறை.

புளியங்கொட்டைப் பசை, கருவேலம் பிசின், ஜெலட்டின், பெக்டின் எல்லாமே இயற்கைப் பாலிமர்கள்தாம். நூலுக்குக் கஞ்சி போடப் பயன்படும் புளியங்கொட்டை மாவு, மருந்தைக் குடல் சளியில் ஒட்டவைக்கவும் நன்றாக உதவுகிறது. ஆனால் அதற்கு மின்னூட்டம் இல்லாததால் கால்சியத்தில் உறையாது; ஆல்ஜினேட்டோடு கால் பங்கு கலந்து பார்க்கலாம். முதல் தடவை செய்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

எந்தப் புரதம்?

இன்சுலினில் தொடங்காதீர்கள். விலை ஒரு காரணம். கரைசலிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி இல்லாமல் அதைச் சரியாக அளக்கவும் முடியாது. வழக்கமாக எல்லோரும் எடுப்பது மாட்டுச் சீர ஆல்புமின். 66 கிலோடால்டன் எடை, மலிவு, கரையும், அளக்க எளிது. ஆனால் அதற்குச் செய்துகாட்ட ஒரு வேலை கிடையாது. அமிலத்தில் அதன் மடிப்பு குலைந்தாலும், புரத அளவை நிறத்தால் காட்டும் பிராட்ஃபோர்ட் சோதனையில் நீலம் காட்டிக்கொண்டே இருக்கும்.

ஆகவே ஆல்புமினோடு இணையாக, மாவுச்சத்தை உடைக்கும் பூஞ்சை அமிலேஸ் நொதியையும் எடுங்கள். கடும் அமிலத்தில் செத்துவிடும், கால்சியம் இருந்தால் திடமாக இருக்கும், வேலை செய்கிறதா என்று பார்க்க மாவுச்சத்தும் அயோடினும் போதும். வெள்ளைப் பீங்கான் ஓட்டின் மேல் நிமிடத்துக்கு ஒரு சொட்டு வைத்தால், நீலம் மறையும் நேரமே அளவுகோல். இத்தனை மலிவாக உண்மையைச் சொல்லும் சோதனை வேறில்லை.

முதல் படி: தண்ணீரும் கரைசல்களும்

வாலை வடிநீர் இல்லாமல் இறங்காதீர்கள். தாழையூத்துப் பக்கம் தோண்டினால் சுண்ணாம்புக்கல்; நம் மாவட்டத்தின் கிழக்கே ஆழ்துளைக் கிணற்று நீரில் சோப்பு நுரைக்காது. அந்தத் தண்ணீரில் ஆல்ஜினேட்டைக் கரைத்தால் கால்சியம் அங்கேயே வேலையைத் தொடங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத கட்டிகள் ஊசியை அடைக்கும். “சார், நேற்று நன்றாகச் சொட்டியது, இன்று சொட்டவில்லை” என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது எந்தக் குழாயில் பிடித்தீர்கள் என்றுதான்.

100 மி.லி. நீரை வேகமாகச் சுழலவிட்டு, 2 கிராம் சோடியம் ஆல்ஜினேட்டை உப்புமாவுக்கு ரவை தூவுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் வெளியே வழுவழுப்பும் உள்ளே உலர்ந்த பொடியுமாக உருண்டைகள் மிதக்கும். எத்தனை மணி நேரம் கலக்கினாலும் கரையாது. கரைந்தபின் இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வைத்தால் காற்றுக் குமிழிகள் மேலேறிப் போய்விடும். குமிழி இருந்தால் மணி வாலோடு பிறக்கும், மிதக்கவும் செய்யும். கிருமி நீக்குகிறேன் என்று ஆட்டோகிளேவில் வைக்காதீர்கள். சங்கிலி அறுந்து பாகுத்தன்மை குறைந்துவிடும்.

கால்சியம் குளோரைடு 0.1 மோலார் வேண்டும். இரண்டு நீர் மூலக்கூறு உள்ள உப்பானால் லிட்டருக்கு 14.7 கிராம், நீரற்றதானால் 11.1 கிராம். புட்டியில் எது என்று பாருங்கள். நீரற்ற வகை காற்றின் ஈரத்தை உறிஞ்சி நனைந்த கல்லுப்பு போல் ஆகியிருந்தால் எடை பொய் சொல்லும். புதிய புட்டி திறங்கள்.

கைட்டோசான் 0.2 கிராமை 1% அசெட்டிக் அமிலம் 100 மி.லி.யில் இரவு முழுவதும் கலக்கி வடிகட்டுங்கள். பிறகு நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பி.எச். 5.0 முதல் 5.5-க்குக் கொண்டுவர வேண்டும். பலரும் இதைச் செய்யாமல் தாண்டிப் போகிறார்கள். அமிலம் மிகுந்த கரைசலில் மணியைப் போட்டு, இரைப்பைக்குப் போகுமுன்பே நொதியைக் கொன்றுவிடுகிறார்கள். அதே நேரம் 6.2-ஐத் தாண்டவும் விடாதீர்கள். மின்னூட்டத்தை இழந்து வெள்ளையாகத் திரியும்.

இரண்டாம் படி: புரதத்தைச் சேர்ப்பது

புரதத்தைத் தனியே சிறிதளவு குளிர்ந்த நீரில் கரைத்து, ஆல்ஜினேட்டோடு கண்ணாடிக் கம்பியால் மெதுவாகக் கலக்குங்கள். மோர் கடைவது போல் கடைந்து நுரை எழுப்பினால், காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் புரதம் விரிந்து கெட்டுப்போகும். சித்திரை வைகாசியில் நம் ஊரில் அறை வெப்பமே 38 டிகிரியைத் தொடும். பனிக்கட்டித் தொட்டியில் வைத்தே கலக்குங்கள்.

அடுத்து பி.எச். ஒவ்வொரு புரதத்துக்கும் அதன் மொத்த மின்னூட்டம் பூஜ்யமாகும் ஒரு பி.எச். உண்டு, சமமின் புள்ளி என்பார்கள். இன்சுலினுக்கு அது ஏறத்தாழ 5.3. அதற்குக் கீழே வந்தால் இன்சுலின் நேர்மின்னூட்டம் பெறும். எதிர்மின்னூட்டமுள்ள ஆல்ஜினேட் அதைக் கையைப் பிடித்து நிறுத்திவைக்கும். 4.8 முதல் 5.0 வரை நல்ல இடம். 4-க்குக் கீழே போனால் ஆல்ஜினேட் தானே அமிலக் கூழாகத் திரளத் தொடங்கும். ஆல்புமினுக்குச் சமமின் புள்ளி 4.7, எனவே இந்த உத்தி அதற்கு அவ்வளவாக ஒத்துவராது. அமிலேஸை 5.5 முதல் 6-க்குள் விட்டுவிடுங்கள், வம்பு வேண்டாம்.

இதில் ஒரு பழக்கம் சொல்கிறேன். எந்தத் தொகுதி செய்தாலும் புரதம் சேர்க்காத வெற்று மணிகளையும் அதே நாளில், அதே கரைசல்களில் செய்யுங்கள். பின்னால் அளக்கும்போது ஆல்ஜினேட் துணுக்குகள் 280 நானோமீட்டரில் ஒளியைச் சிதறடிக்கும். கைட்டோசான் அமிலத்தில் அயோடினோடு நிறம் காட்டும். வெற்று மணியின் அளவைக் கழிக்காத எண் எதையும் நான் கையெழுத்திட்டு ஏற்பதில்லை.

மூன்றாம் படி: சொட்டவிடுதல்

10 மி.லி. சிரிஞ்சில் கரைசலை எடுத்து, 26 கேஜ் ஊசி மாட்டி, கால்சியம் குளியலுக்கு 5 முதல் 8 செ.மீ. உயரத்திலிருந்து சொட்டவிடுங்கள். குளியல் மெதுவாகச் சுழன்றால் போதும். உயரம் குறைந்தால் மணிக்கு வால் வரும், கூடினால் தட்டையாகும். இப்படி வருவது ஏறத்தாழ 2 மி.மீ. மணி. நுங்குச் சுளை மாதிரி வழுவழுவென்று, பார்க்கவே அழகாக இருக்கும். படம் எடுத்து அனுப்பத் தோன்றும். அனுப்பிவிட்டு வேலையைப் பாருங்கள், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஏனென்றால் அந்தக் குளியலில்தான் உங்கள் புரதம் களவு போகிறது. ஆல்ஜினேட் வலையின் துளைகள் சில நானோமீட்டரிலிருந்து பல பத்து நானோமீட்டர் வரை. இன்சுலின் போன்ற சின்னப் புரதம் அதன் வழியே தாராளமாக வெளியேறும். மணி உறுதியாகட்டும் என்று இரவு முழுவதும் ஊறப்போட்ட மாணவி ஒருத்தி, காலையில் குளியலை அளந்தால் போட்டதில் பாதிக்கு மேல் வெளியே. 10 முதல் 15 நிமிடம் போதும். இன்னும் நல்ல வழி, கால்சியம் குளியலிலேயே கைட்டோசானையும் கலந்துவிடுவது. மணி உறையும்போதே தோலும் கட்டிக்கொள்ளும்; கசிவு குறையும். தோல் சற்றுச் சீரற்று வரும் என்பது அதன் விலை. நான் அந்த விலையைக் கொடுக்கத் தயார்.

2 மி.மீ. மணியை நுண்ணுறை என்று சொல்வது கொஞ்சம் மிகை. ஆயிரம் மைக்ரானுக்குள் இருந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். அதற்கு எண்ணெய்க் குழம்பு முறை. 100 மி.லி. சூரியகாந்தி எண்ணெயில் எண்ணெயில் நீர்த்துளிகள் ஒன்றுசேராமல் காக்கும் ஸ்பான் 80 என்ற பொருளை 1 மி.லி. கலந்து சுழலவிடுங்கள். 20 மி.லி. ஆல்ஜினேட்–புரதக் கலவையில் மிக நுண்ணிய கால்சியம் கார்பனேட் பொடி 0.1 கிராம் கலந்து, அந்த எண்ணெயில் ஊற்றி 15 நிமிடம் கலக்குங்கள், நீர்த்துளிகளாகச் சிதறும். பிறகு 0.2 மி.லி. பனி அசெட்டிக் அமிலத்தை 10 மி.லி. எண்ணெயில் கலந்து சேர்த்தால், அமிலம் துளிக்குள் புகுந்து கார்பனேட்டைக் கரைக்கும். உள்ளிருந்தே கால்சியம் வெளிப்பட்டுத் துளி உறையும். கலக்கும் வேகம்தான் அளவைத் தீர்மானிக்கிறது. வேகம் கூடக்கூட மணி சிறுக்கும். கடைசியில் கால்சியம் குளோரைடு கரைசல் சேர்த்து வைத்தால் மணிகள் அடியில் இறங்கும், எண்ணெய் மேலே நிற்கும்.

மணி சிறுத்தால் என்ன ஆகும் என்பதையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2 மி.மீ. மணியை 0.2 மி.மீ. ஆக்கினால், அதே கன அளவுக்குப் பரப்பு பத்து மடங்கு. கசியும் வாசலும் அமிலம் நுழையும் வாசலும் பத்து மடங்கு. எனவே முதல் ஆறு வாரம் பெரிய மணியிலேயே எல்லாவற்றையும் சரிசெய்துகொண்டு பிறகு எண்ணெய்க்கு வாருங்கள் என்பது என் கட்சி.

நான்காம் படி: தோல் போடுதலும் உலர்த்தலும்

தனியாகத் தோல் போடுவதானால், மணிகளை வடித்து, நீரில் ஒரு தடவை அலசி, பி.எச். சரிசெய்த கைட்டோசானில் 20 முதல் 30 நிமிடம் மெல்ல அசையவிடுங்கள். கண்ணாடி போல் இருந்த மணி சற்றுப் பால்நிறமாகும். மீண்டும் அலசுங்கள். பாஸ்பேட் கரைசலில் மட்டும் அலசாதீர்கள். பாஸ்பேட் கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும். அரை மணி நேரத்தில் மணி ஊதி உடையும்.

ஈர மணியில் பெரும்பங்கு தண்ணீர்தான். உலர்த்தினால் கடுகளவாகச் சுருங்கும். குளிர்வழி உலர்த்தியில் போட்டால் வடிவம் நிற்கும், ஆனால் உள்ளே பஞ்சு மாதிரித் துளைகள் விழுந்து, இரைப்பைக் கரைசலில் போட்டதும் முதல் பத்து நிமிடத்திலேயே சரக்கைக் கொட்டிவிடும். அந்தக் கருவியைப் பயன்படுத்துவதானால் 5% ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை சேர்த்துக்கொள்ளுங்கள். உறையும்போதும் உலரும்போதும் புரதத்தின் மடிப்பைக் காக்கும். கருவி இல்லாதவர்கள் சிலிக்கா ஜெல் வைத்த உலர்கலனில் இரண்டு நாள் விட்டால் போதும். ஜன்னலோரம் மட்டும் வேண்டாம். ஒரு ஆடி மாதம் பெட்ரி தட்டில் உலரவைத்த மூன்று வாரத்து மணிகளை, யாரோ கதவைத் திறந்த ஒரு வினாடியில், அம்மியைத் தூக்கும் அதே காற்று ஆய்வகம் முழுக்க விதைத்துவிட்டது.

ஐந்தாம் படி: உள்ளே எவ்வளவு?

அளவு பார்ப்பது சுலபம். நுண்ணோக்கியில் நூறு மணிகளை அளந்து சராசரியும் விலகலும் எழுதுங்கள்.

சரக்கு பார்ப்பதில்தான் கவனம் வேண்டும். கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு. 50 மி.கி. புரதம் சேர்த்தீர்கள். கால்சியம் குளியலில் 14, அலசிய நீரில் 3, கைட்டோசான் கரைசலில் 2 மி.கி. கிடைத்தது. போனது 19, உள்ளே இருக்க வேண்டியது 31. எனவே பொதிவுத் திறன் 62%. உலர்ந்த மணிகளின் மொத்த எடை 450 மி.கி. என்றால் சரக்கேற்றம் 6.9%.

பெரும்பாலோர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். இது கழித்துப் பெற்ற எண், நேரடியாகப் பாருங்கள். எடைபோட்ட மணிகளை 55 மில்லிமோலார் சோடியம் சிட்ரேட்டில் போட்டால், சிட்ரேட் கால்சியத்தைப் பிடுங்கி மணியைக் கரைக்கும். மீதமுள்ள தோல் துணுக்குகளை மைய விலக்கியில் சுழற்றி நீக்கிவிட்டு அளங்கள். 31-க்குப் பதில் 27 வருகிறதென்றால், நான்கு மில்லிகிராம் கண்ணாடியில் ஒட்டியிருக்கலாம், கைட்டோசானோடு சிக்கியிருக்கலாம், திரிந்து படிந்திருக்கலாம். இரண்டு எண்களையும் ஆய்வேட்டில் எழுதுங்கள். வித்தியாசம் இருப்பது வெட்கமில்லை.

அமிலேஸ் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு: சிட்ரேட் அந்த நொதியின் கால்சியத்தையும் அசைக்கும். கரைந்ததும் உடனே அளங்கள். ஒப்பீட்டுக்கான தூய நொதியையும் அதே சிட்ரேட்டில் அதே நேரம் வைத்திருங்கள்.

ஆறாம் படி: செயற்கை வயிறு

இரைப்பைக் கரைசலுக்கு லிட்டருக்கு 2 கிராம் உப்பு, 7 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 3.2 கிராம் பெப்சின், பி.எச். 1.2. குடல் கரைசலுக்கு லிட்டருக்கு 6.8 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட், சோடியம் ஹைட்ராக்சைடால் பி.எச். 6.8, 10 கிராம் பான்க்ரியாட்டின் (கணைய நொதிகளின் கலவை). இரண்டும் 37 டிகிரியில். இரைப்பையில் இரண்டு மணி நேரம்; பிறகு வடித்துக் குடலில் நான்கு முதல் ஆறு மணி நேரம். ஒவ்வொரு தடவையும் 5 மி.லி. எடுத்தால் 5 மி.லி. புதிதாக ஊற்றுங்கள், எடுத்ததில் இருந்த புரதத்தைக் கூட்டுக்கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்.

அமிலத்தில் மணி சுருங்கும். ஆல்ஜினேட்டின் அமிலத்தொகுதிகள் 3.5-க்கு அருகே மின்னூட்டத்தை இழந்து, சங்கிலிகள் நெருங்கி, வாசல் சாத்திக்கொள்ளும். குடலில் எல்லாம் தலைகீழ்: ஆல்ஜினேட் மீண்டும் மின்னூட்டம் பெற்று ஊதும், கைட்டோசான் தன் மின்னூட்டத்தை இழந்து பிடி தளரும், பாஸ்பேட் கால்சியத்தை இழுக்கும். புரதம் வெளியே வரும். வரைபடம் பாடப்புத்தகத்தில் இருப்பது போலவே வரும், சந்தோஷமாக இருக்கும்.

அந்தச் சந்தோஷத்தில் மூன்று கண்ணிகள் இருக்கின்றன. பெப்சினும் பான்க்ரியாட்டினும் புரதங்களே. பிராட்ஃபோர்ட் அவற்றையும் சேர்த்தே எண்ணும். ஆகவே வெளிப்பாட்டு அளவை முதலில் நொதியில்லாத கரைசலில் பாருங்கள். அடுத்தது, பான்க்ரியாட்டினுக்குள்ளேயே அமிலேஸ் இருக்கிறது. அதில் உங்கள் அமிலேஸின் வேலையை அளந்தால் நூற்றுக்கு இருநூறு கூட வரும். ஒரு மாணவர் அப்படி வந்த எண்ணை மாநாட்டுக்கே அனுப்பிவிட்டார். வழிகாட்டி என்ற இடத்தில் கையெழுத்து என்னுடையது. மூன்றாவது, உண்மையான குடல் நீரில் இவ்வளவு பாஸ்பேட் கிடையாது. குவளையில் ஒரு மணி நேரத்தில் உடைந்த மணி வயிற்றிலும் அப்படியே உடையும் என்று எழுதிவிடாதீர்கள்.

ஏழாம் படி: உயிர் இருக்கிறதா?

ஆய்வேடு நிற்பதும் விழுவதும் இங்கேதான். நான் இதில் இறங்கிய முதல் ஆண்டு, அமிலத்தில் இரண்டு மணி நேரம் வைத்தும் மணியைவிட்டுப் பத்தில் ஒரு பங்கு புரதம்கூட வெளியேறவில்லை என்று குதித்தேன். உடனிருந்த மூத்த ஆய்வக உதவியாளர், “சரி ஐயா, உள்ளே இருப்பது வேலை செய்கிறதா?” என்று கேட்டார். மணிகளை எடுத்து அலசிக் கரைத்து மாவுச்சத்தோடு சேர்த்தோம். அயோடின் சொட்டு நீலமாகவே நின்றது. கால் மணி, அரை மணி, ஒரு மணி, நீலம். கோட்டைக் கதவைப் பூட்டி உள்ளே எல்லோரையும் பட்டினி போட்டுக் கொன்ற மாதிரி.

காரணம் எளிது. பெப்சின் 35 கிலோடால்டன் அளவுள்ள பெரிய மூலக்கூறு. சுருங்கிய வலைக்குள் அது மெதுவாகத்தான் நுழையும். ஆனால் அமிலம் என்பது ஹைட்ரஜன் அயனி. அதைத் தடுக்கும் வலை எதுவும் இல்லை. சில நிமிடங்களில் மணியின் நடுவும் வெளியே உள்ள பி.எச்.சுக்கு வந்துவிடும். தங்கியிருப்பது வேறு, தப்பியிருப்பது வேறு. ஆகவே இரண்டு மணி நேர அமிலத்துக்குப் பிறகு மணியை எடுத்து, அலசி, சிட்ரேட்டில் கரைத்து, புரத அளவையும் வேலைத் திறனையும் பக்கத்துப் பக்கத்தில் அளங்கள். ஒரு மில்லிகிராமுக்கு எத்தனை அலகு வேலை, தொடக்கத்தில் எத்தனை, இப்போது எத்தனை. நான் ஆய்வேட்டைத் திறந்ததும் முதலில் தேடுவது அந்த அட்டவணையைத்தான்.

செத்திருந்தால் செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, மணிக்குள்ளேயே அமில முறிவுப் பொருள் வைப்பது: மெக்னீசியம் ஹைட்ராக்சைடு, அல்லது எண்ணெய் முறையில் கூடுதலாகச் சேர்த்த கால்சியம் கார்பனேட். கார்பனேட் கூடினால் வாயு கிளம்பி மணியில் ஓட்டை விழும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பாருங்கள். இரண்டு, உலர்ந்த மணிகளைக் குடலில் மட்டும் கரையும் பூச்சுப் போட்ட கேப்சூலுக்குள் அடைப்பது. பூச்சும் இயற்கையாக வேண்டுமென்றால் வெள்ளையாக்கிய அரக்கு இருக்கிறது; அமிலத்தில் கரையாது, பி.எச். 7-ஐ ஒட்டித்தான் இளகும். எங்கள் அமிலேஸ் பிழைத்தது இந்த இரண்டாவது வழியில்தான்.

எட்டாம் படி: எதற்குப் பயன் என்று எழுதுவது

இவ்வளவும் சரியாக வந்தாலும் புரதம் குடலுக்குள்தான் வந்து நிற்கிறது. சுவரைத் தாண்டவில்லை. கைட்டோசான் செல்களின் இடுக்குகளைச் சற்றுத் திறக்கும் என்பது செல் வளர்ப்புகளில் கண்ட உண்மை. ஆனால் அதற்கு அது மின்னூட்டத்தோடு இருக்க வேண்டும், பி.எச். 6.5-க்கு மேல் அந்தத் திறன் பெரிதும் குறைகிறது. ட்ரைமெத்தில் கைட்டோசான் போன்ற மாற்று வடிவங்களைத் தேடிப் போனதற்கு அதுவே காரணம். நீரிழிவுக்கான செமாக்ளுடைடு என்ற பெப்டைடு மருந்தின் வாய்வழி மாத்திரை 2019-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றதே என்று கேட்பார்கள். அது நுண்ணுறை அல்ல. உறிஞ்சலைத் தூண்டும் துணைப்பொருளைச் சேர்த்து, இரைப்பையிலேயே உறிஞ்சவைக்கும் வழி. வெறும் வயிற்றில் சிறிதளவு நீரோடு விழுங்கி அரை மணி நேரம் காத்திருந்தாலும் இரத்தத்தில் சேருவது நூற்றில் ஒரு பங்கு அளவுதான். அதன் மூலக்கூறு இன்சுலினைவிடச் சிறியது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

எனவே முதுகலைத் திட்டத்துக்கு என் யோசனை: சுவரைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லாத புரதத்தைத் தேர்ந்தெடுங்கள். கணைய நொதிக் குறைபாட்டுக்கான நொதிகள் குடலுக்குள்ளேயே வேலை செய்தால் போதும். குடலில் கரையும் பூச்சிட்ட நுண்மணிகளாக அவை பல ஆண்டுகளாகச் சந்தையில் இருக்கின்றன. பால் செரிக்காதவர்களுக்கான லாக்டேஸ், குடல் கிருமிக்கு எதிராக முட்டையிலிருந்து எடுக்கும் நோய் எதிர்ப்புப் புரதம் ஆகியவையும் அந்த வகை. அங்கே உங்கள் ஏழாம் படி அட்டவணையே நேரடிப் பயனைக் காட்டும். எலிச் சோதனை தேவையென்றால் நிறுவன விலங்கு நெறிக்குழுவின் ஒப்புதல் கையில் வந்த பிறகே எலிக்கூண்டுப் பக்கம் போங்கள்.

உலர்ந்த மணிகளைக் காற்றுப் புகாத குப்பியில், உலர்த்திப் பொட்டலத்தோடு, 4 டிகிரியில் வையுங்கள். ஈர மணியை வெறும் நீரில் போட்டு வைத்தால் கசியும்; நீர்த்த கால்சியம் குளோரைடில் வைத்தால் சில நாள் தாங்கும். குப்பியின் மேல் ஆல்ஜினேட் புட்டியின் தொகுதி எண், குளியலில் இருந்த நிமிடங்கள், உலர்த்திய முறை மூன்றையும் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள். பேனா மை குளிர்பெட்டி ஈரத்தில் கலைந்துவிடும்.